எட்டு செகண்ட் சத்தம்

"லிஃப்ட் எப்படிக் கத்துது? கொஞ்சம் வாயால செஞ்சு காட்டுங்க."

மறுமுனையில் இருந்தவர் தயங்கினார். ஏதோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். மிடுக்கான குரல்.

"அது... நான் எப்படிம்மா..."

"வெக்கப்படாதீங்க சார். தினம் இருபது பேர் செஞ்சு காட்டறாங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டார். "கிர்ர்ர்... டொக். கிர்ர்ர்... டொக் டொக்."

"மேல போறப்பவா, கீழ வர்றப்பவா?"

"கீழ வர்றப்ப."

"கதவு உருளை தேஞ்சிருக்கு. மதியத்துக்குள்ள ஆள் வருவார். ரொம்ப நல்லா செஞ்சீங்க சார்."

செயலாளர் சந்தோஷமாக போனை வைத்தார்.

லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்கு இது ஒன்பதாவது வருஷம். மெக்கானிக் போய்த் திறந்து பார்த்துச் சொல்வதை அவள் போனிலேயே சொல்லிவிடுவாள். பத்தில் ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பத்தாவதும் மெக்கானிக் சரியாகப் பார்க்காததுதான் என்பது அவள் கட்சி. அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி உண்டு. புதிதாகச் சேரும் மெக்கானிக்குகளுக்குப் பாடம் நடத்த வைத்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருக்கும். பக்கத்து மேஜைக்காரிக்கு அதனால் தீராத தலைவலி. இவளோ அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாள்.

சனி, ஞாயிறுகளில் இவள் வேறு ஆள். பழைய பாட்டுகளை மேடையில் வாசிக்கும் இசைக்குழுவில் இரண்டாவது கீபோர்டு. அங்கே இவள் பெயர் பட்டன். முதல் கீபோர்டுக்காரர் மெட்டு வாசிப்பார், பாராட்டெல்லாம் அவருக்கு. பட்டன் வாசிப்பது சத்தங்களை. ஒரு பாட்டில் மழை கொட்டுவதற்கு முன் வரும் உறுமல், இன்னொன்றில் கண்ணாடி உடைந்து மணியாக மாறும் சிலுசிலுப்பு, மற்றொன்றில் ரயிலா யானையா என்று யாருக்கும் தெரியாத ஒரு பிளிறல். அந்தக் காலத்தில் எதை எதையோ தட்டி, தேய்த்து, திருகி எடுத்த சத்தங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தன் சிந்தசைசரில் செய்து வைத்திருந்தாள். இருநூற்றுப் பதினொன்று. ஒன்றுகூட ரெக்கார்டிலிருந்து வெட்டி ஒட்டியது கிடையாது. அதுதான் அவள் வீம்பு.

அன்று மதியச் சாப்பாட்டு வேளையில் அண்ணி போன் செய்தாள். கணவனின் அக்கா. குழுவின் தலைவி, பாடகி, கணக்குப்பிள்ளை, சண்டை போடுபவள், எல்லாம் அவள்தான்.

"உட்கார்ந்திருக்கியா?"

"ஆபீஸ்ல நின்னுக்கிட்டா அண்ணி வேலை பார்ப்பாங்க?"

"அம்மா ஒத்துக்கிட்டாங்க."

பட்டன் எழுந்து நின்றுவிட்டாள். எந்த அம்மா என்று கேட்க வேண்டியதில்லை. நாற்பது வருஷங்களுக்கு முன் ஒரே ஒரு பாட்டில் ஊரையே முணுமுணுக்க வைத்து, அப்புறம் ஏழெட்டுப் பாட்டு பாடி, மேடையே வேண்டாம் என்று ஒதுங்கிப்போன பாடகி. அண்ணி இரண்டு வருஷமாக அவர் வீட்டுக் காலிங்பெல்லை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாட்டா?"

"அதேதான். ஆனா ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. 'நடுவுல வர்ற அந்தச் சத்தம் சரியா வரணும். அதைப் பிடிச்சுத்தான் நான் உள்ள வருவேன். அது சரியில்லேன்னா நான் வரலை, போஸ்டர்ல பேரையும் போடாதே'ங்கறாங்க."

"வரும் அண்ணி."

"வரலேன்னா ஒரிஜினலையே லேப்டாப்ல இருந்து ஓட விட்டுடலாம்னு என் தம்பி சொல்றான்."

"உங்க தம்பி என் வீட்டுக்குத்தானே சாப்பிட வரணும்? வரட்டும்."

அண்ணி சிரிக்கவில்லை. "இதைக் கேளு, கோச்சுக்காதே. ஒரு பாட்டுக்கு ஓட விட்டுப் பழகிட்டா எல்லாப் பாட்டுக்கும் ஓட விடலாம். அப்புறம் ரெண்டாவது கீபோர்டு எதுக்குன்னு நாலு பேர் கேப்பாங்க. முதல்ல நானே கேப்பேன். அதனால பார்த்துச் செய்."

"செஞ்சு வெச்சுட்டுக் கூப்பிடறேன்," என்றாள் பட்டன். அவள் குரலில் நடுக்கம் எதுவும் இல்லை. நாற்காலி போய்விடும் என்று பயப்படுகிறவள் அதில் சாய்ந்து உட்கார மாட்டாள். இவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அந்தச் சத்தத்தைத் தெரியாதவர்கள் குறைவு. பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். ஒரு கணம் வெறும் அமைதி. அப்புறம் எங்கோ உயரத்தில் ஒரு கீற்று கிளம்பும். நடுங்கிக்கொண்டே சரிந்து வரும். தரையைத் தொடப்போகிறது என்று நினைக்கும்போது கழுத்தை நிமிர்த்தி லேசாக மேலே திரும்பும். அந்தத் திருப்பத்தில்தான் பாடகியின் குரல் நுழையும். தாளம் கிடையாது, தட்டு கிடையாது, எண்ணிக்கொள்ள ஒன்றும் கிடையாது. மொத்தம் எட்டு செகண்ட்.

பட்டன் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். முதலில் கொசு ரீங்காரம் போல ஒரு பச்சை ஒலி. அதன் மேல் ஃபில்டரைப் போட்டு, வாயைக் கையால் பொத்திப் பேசினால் வருமே, அந்த மாதிரி மழுக்கினாள். பிறகு பொத்திய கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். நடுக்கத்தைச் சேர்த்தாள். நடுக்கம் ஒரே சீராக இருந்தால் மெஷின் என்று காட்டிக் கொடுத்துவிடும். ஆரம்பத்தில் அடர்ந்து, போகப்போக விரியும்படி வைத்தாள். கடைசித் திருப்பத்துக்கு மட்டும் இரண்டு நாள். சமையலறையிலும் ஹெட்ஃபோன்.

"ரசம் பொங்குது," என்றான் கணவன். குழுவில் டிரம் பேட் தட்டுகிறவன். லேப்டாப் யோசனைக்குச் சொந்தக்காரன். ஒரு வாரமாக அடக்கி வாசித்துக்கொண்டிருந்தான்.

"லேப்டாப்ல இருந்து ஊத்திக்கோங்க."

பத்தாம் நாள் ஒத்திகை அறையில் எல்லாரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வைத்தாள். ரெக்கார்டையும் தன் சத்தத்தையும் மாற்றிப் போடுவதாகச் சொல்லி, இரண்டு முறை ஒலிக்க விட்டாள். எது எது என்று சொல்லச் சொன்னாள். முதலில் வந்ததுதான் ரெக்கார்டு என்றார் முதல் கீபோர்டுக்காரர். அண்ணியும் அதையே சொன்னாள். இருபது குழல் அடங்கிய பையைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு உலவும் புல்லாங்குழல்காரர் மட்டும், "ரெண்டாவதுதான் ரெக்கார்டு, சத்தியம்," என்றார்.

"ரெண்டுமே என்னோடது அண்ணே. ரெக்கார்டை நான் இன்னும் போடவே இல்லை."

அறை அதிரச் சிரித்தார்கள். அண்ணி பட்டனின் தோளைத் தட்டி, போஸ்டருக்குச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பாடகியம்மா வந்தார். எழுபது வயது. நிமிர்ந்த முதுகு. பருத்திப் புடவை. தோளில் ஒரு துணிப்பை. மூன்றாவது மாடிக்கு லிஃப்டில் வராமல் படியேறி வந்து, மூச்சு வாங்காமல் நின்றார். "லிஃப்ட் முனகுது. பயமா இருக்கு," என்றார். பட்டனுக்கு அவரை அப்போதே பிடித்துப் போயிற்று.

அண்ணி பெரிய வரவேற்பு கொடுத்தாள். "அம்மா, உங்க பாட்டைக் கேட்டுத்தான் நான் பாடவே வந்தேன். இன்னிக்கும் தினம் கேப்பேன்."

"நான் கேக்கறதில்லை," என்றார் அவர். "என் பாட்டை ரேடியோவுல போட்டா வேற பக்கம் போயிடுவேன். என் தங்கச்சி பாடற மாதிரி இருக்கும். எனக்குத் தங்கச்சியே கிடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர்களின் பேச்சு அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பாட்டு தொடங்கியது. பல்லவி நன்றாகப் போயிற்று. வாத்தியங்கள் கூடவே இருந்தன. அவற்றைப் பற்றிக்கொண்டு பாடினார். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் அவர் நெற்றி சுருங்கியது, யாரோ கையைப் பிடித்து வேகமாக இழுத்துப் போவது போல. பிறகு வாத்தியங்கள் நின்றன. பட்டன் விசையை அழுத்தினாள். கீற்று கிளம்பியது, நடுங்கியது, சரிந்தது, திரும்பியது.

பாடகியம்மா உள்ளே வந்தார். தாமதமாக. அதுவும் சுருதி கீழே. ஒரு பெரிய அபஸ்வரம் அறையின் நடுவில் நின்றது.

"இன்னொரு தடவை," என்றார்.

மறுபடியும் அதே. மூன்றாவது முறையும் அதே. கணவன் எல்லாவற்றையும் செகண்டில் அளப்பவன். மெதுவாக அண்ணியின் காதில் சொன்னான்: "மூணு தடவையும் அரை செகண்ட் லேட். மூணு தடவையும் அரைக் கட்டை கம்மி."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் பாடகியம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்டது.

"நான் கம்மி இல்லைப்பா. சத்தம் சரியில்லை."

பட்டன் இப்படி ஒரு வாக்கியத்தை இருநூற்றுப் பதினொரு சத்தங்களில் ஒன்றுக்கும் கேட்டதில்லை. கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "அண்ணி, லேப்டாப்ல ஒரிஜினலைப் போடுங்க. அம்மா அதைக் கேட்டுட்டுச் சொல்லட்டும்," என்றாள்.

கணவன் காத்துக்கொண்டிருந்தது போல ஓடினான். ஒரிஜினல் ஒலித்தது. பாடகியம்மா கண்ணை மூடிக் கேட்டார், வாயைத் திறந்தார், உள்ளே வந்தார். அரை செகண்ட் லேட். அரைக் கட்டை கம்மி.

"இதுவும் சரியில்லை," என்றார்.

ரெக்கார்டே சரியில்லை என்கிறவரை என்ன செய்வது?

பாடகியம்மா துணிப்பையிலிருந்து ஒரு சுருதிப் பெட்டியை எடுத்தார். துருத்தி வைத்த பழைய மரப்பெட்டி. அதன் அடைப்பான்கள் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, யாரும் மாற்றிவிடாதபடி. "ரெக்கார்டிங் அன்னிக்கு என் மடியில இருந்த பெட்டி. அன்னிக்கு வெச்ச சுதி. தினம் காலையில இதுல ஒரு தடவை அந்தப் பாட்டைப் பாடாம நான் காபி குடிக்கறதில்லை." துருத்தியை அசைத்தார். பெட்டியின் சுருதியும் குழுவின் சுருதிக்கு அரைக் கட்டை கீழே இருந்தது.

புல்லாங்குழல்காரர் அவசரமாகச் சமாதானம் சொன்னார். "பெட்டிக்கும் வயசாகும்மா. உள்ள இருக்கற நாக்கு தளர்ந்து போயிருக்கும்."

'பெட்டிக்கும்' என்றது தப்பாகிவிட்டது. பாடகியம்மா பெட்டியை மெல்ல மூடினார்.

"பழைய பாட்டு வாசிக்கற குழு எல்லாம் இதைத்தான் சொன்னாங்க. அப்ப எனக்கு நாற்பது வயசு. ஒரு மேடையில நான் உள்ள வந்ததும் முன் வரிசையில சிரிச்சாங்க. அதோட நிறுத்திட்டேன். இப்ப எழுபது. இப்பவாவது சரியா இருக்கும்னு வந்தேன்." பையைத் தோளில் மாட்டினார். "சனிக்கிழமை ஒரு தடவை வரேன். வாக்குக் கொடுத்ததுக்காக. அன்னிக்கும் இப்படின்னா என் பேரை எடுத்துடுங்க."

அவர் படியிறங்கிப் போனதும் அண்ணி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "போஸ்டர் ஒட்டியாச்சு. ஒண்ணு பண்ணலாம். மேடையில அந்த எட்டு செகண்டோட அவங்க உள்ள வர்ற முதல் வரியையும் சேர்த்து ரெக்கார்டையே ஓட விடலாம். அவங்க வாயசைச்சா போதும்."

"அதுக்கு அவங்க எதுக்கு?" என்றாள் பட்டன்.

"அப்ப நீ என்ன பண்ணப்போறே?"

"புகார் கொடுத்தவங்க யாரு? அவங்கதானே? அவங்களைத்தானே கேக்கணும்?"

ஓடினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பாடகியம்மாவைப் பிடித்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். அந்தச் சத்தம் எப்படி இருக்கணும்? வாயால செஞ்சு காட்டுங்க."

"என்னது?"

"வெக்கப்படாதீங்கம்மா. தினம் இருபது பேர் செஞ்சு காட்டறாங்க."

பாடகியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பையைப் படியில் வைத்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூக்கால், சின்னக் குரலில் அதைச் செய்தார். உயரத்தில் கிளம்பி, நடுங்கி, சரிந்து, திரும்பி. "ரேடியோ ரிப்பேர்காரர் ஒருத்தர் ஒரு பெட்டியைக் கொண்டு வந்தார். குமிழைத் திருகிக்கிட்டே வருவார். நான் பக்கத்துல நின்னேன். அது இறங்க ஆரம்பிச்சா நான் மூச்சை விடுவேன். அது திரும்பறப்ப இழுப்பேன், உள்ள வருவேன். ஏழு தடவை எடுத்தோம். ஒரு தடவை கூட நான் தப்பலை."

பட்டன் போனில் பதிவு செய்துகொண்டாள்.

திங்கட்கிழமை மதியம், அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே ஹெட்ஃபோனை மாட்டினாள். பாடகியம்மாவின் மூக்குச் சத்தம் எட்டரை செகண்ட். ரெக்கார்டைவிட அரை செகண்ட் நீளம், அரைக் கட்டை கீழே. வயசாகி மறந்தவர் என்றால் ஒரு நாள் நீளும், ஒரு நாள் குறுகும். இப்படி ஒரே அளவாகத் தப்பு செய்ய மறதியால் முடியாது. லிஃப்ட்கூட ஒரே மாதிரி கத்தினால்தான் அதில் காரணம் இருக்கிறது என்று அர்த்தம்.

ரெக்கார்டை மறுபடி போட்டாள். சத்தம் கிளம்புவதற்கு முன் வரும் அந்த ஒரு கண அமைதியை மட்டும் எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒலியை முழுக்க ஏற்றினாள். அமைதிக்குள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா?

இருந்தது. ஒரு மெல்லிய முனகல். 'ம்ம்ம்.' பழைய ரெக்கார்டுகள் பலவற்றில் இருப்பதுதான், ஒலிப்பதிவு மெஷினுக்குள் நுழைந்துவிட்ட கரண்ட்டின் சத்தம். இதில் என்ன அதிசயம் என்று ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

முதுகுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர் முனகியது. 'ம்ம்ம்.'

ஹெட்ஃபோனை மாட்டினாள். கழற்றினாள். மாட்டினாள்.

"உனக்கு என்ன ஆச்சு?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

"ரெண்டும் ஒரே ஊர் கரண்ட்."

"எது?"

"கரண்ட் எங்கே, எப்ப முனகினாலும் ஒரே சுதிதான். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இல்லை பாரு. ரெக்கார்டுல இருக்கறது மேல இருக்கு."

"சாப்பிடு முதல்ல," என்றாள் பக்கத்து மேஜைக்காரி, தன் டப்பாவை அவள் பக்கம் தள்ளி.

பட்டன் ரெக்கார்டின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும். ஹெட்ஃபோனின் ஒரு காதில் ரெக்கார்டு, இன்னொரு காது திறந்தபடி டிரான்ஸ்ஃபார்மருக்கு. இரண்டு முனகலும் முதலில் ஒன்றோடொன்று உரசி அதிர்ந்தன. அதிர்வு மெதுவாயிற்று. இன்னும் மெதுவாயிற்று. நின்றது. இரண்டும் ஒன்றாகிவிட்டன. எவ்வளவு குறைத்தோம் என்று பார்த்தாள். மிகச் சரியாக அரைக் கட்டை. இப்போது அந்தச் சத்தம் எட்டரை செகண்ட் ஓடியது. அதன் பின்னால் உள்ளே வந்த குரல், தங்கையின் குரல் அல்ல. படிக்கட்டில் மூக்கால் பாடிக் காட்டியவரின் குரல், நாற்பது வருஷம் இளமையாக.

பாட்டு முடிந்த பிறகு யாரோ டேப்பை வேகமாக ஓட விட்டு ரெக்கார்டு போட்டிருக்கிறார்கள். ரெக்கார்டுத் தட்டில் இடம் பற்றவில்லையோ, குரல் சின்னப் பெண் மாதிரி இருக்கட்டும் என்றோ, யாருக்குத் தெரியும். பாடகியிடம் யாரும் சொல்லவில்லை. ஊரிலுள்ள அத்தனை குழுவும் ரெக்கார்டைப் பார்த்து வாசித்தது. அந்த அம்மா மட்டும் பாடியபடியே பாடிக்கொண்டிருந்தார்.

தானும்தானே? ஒன்பது நாள் உட்கார்ந்து, ஒரு தப்பை அச்சு அசலாகச் செய்து வைத்தவள்! பட்டன் சத்தமாகச் சிரித்துவிட்டாள். ஒரு புகார்தாரர் போனில் காத்துக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

சனிக்கிழமை குழு ஒன்பது மணிக்கே கூடியது. பட்டன் அப்படித்தான் சொல்லியிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முதல் கீபோர்டுக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"அந்தக் காலத்துல கரண்ட் ஒழுங்காவா வந்துச்சு? ஏறும், இறங்கும்."

"ஏறி இறங்கறது வோல்டேஜ் அண்ணே. விளக்கு மங்கும். முனகலோட சுதி இவ்வளவு தூரம் நகராது. காட்டறேன்."

ஸ்பீக்கரோடு இணைத்த ஒரு கேபிளின் முனையை விரலால் தொட்டாள். ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று உறுமியது. மேடைக்காரர்கள் எல்லாருக்கும் ஜென்ம விரோதியான சத்தம். அனிச்சையாக நான்கு பேர் காதைப் பொத்தினார்கள். விரலை எடுக்காமல், இடது கையால் ரெக்கார்டின் அந்த அமைதித் துண்டை ஓட விட்டாள். இரண்டு உறுமல்களும் மோதிக்கொண்டு அறை கடகடத்தது. வேகத்தை அரைக் கட்டை இறக்கினாள். கடகடப்பு அடங்கி ஒரே உறுமலாயிற்று.

புல்லாங்குழல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அடப்பாவிகளா. பெட்டிக்கு வயசாச்சுன்னேனே."

அண்ணி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எல்லாம் சரி. டிக்கெட் வாங்கினவங்க ரெக்கார்டைத்தான் மனப்பாடம் பண்ணியிருக்காங்க. நீ அரைக் கட்டை இறக்கி, வேகத்தையும் குறைச்சா, பாட்டு தூங்குதும்பாங்க."

"அரைக் கட்டை இறங்கினதை எவனும் கண்டுபிடிக்க மாட்டான் அண்ணி. அம்மா அபஸ்வரமா உள்ள வந்தா கைக்குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். அன்னிக்கு முன் வரிசையில சிரிச்சதுக்கே அவங்க முப்பது வருஷம் வீட்டுல உட்கார்ந்துட்டாங்க."

"தப்பாப் போச்சுன்னா?"

"நானே லேப்டாப்பைக் கொண்டுவந்து வெச்சுட்டு, என் நாற்காலியை மடக்கி எடுத்துட்டுப் போயிடறேன்."

கணவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அண்ணி தம்பியைப் பார்த்தாள், பட்டனைப் பார்த்தாள். கட்டிய கையை அவிழ்த்தாள். "எல்லாரும் அரைக் கட்டை இறக்குங்க."

"நான் குழலை மாத்தணும்," என்று பையைத் துழாவினார் புல்லாங்குழல்காரர். "இருபதுல அந்த ஒண்ணு மட்டும் அடியில கிடக்கும்."

பாடகியம்மா பத்துக்கு வந்தார். முகத்தில் எந்த எதிர்பார்ப்பும் இல்லை. பல் டாக்டரிடம் வந்தவர் மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அம்மா, உங்க பெட்டியை எடுங்க," என்றாள் பட்டன்.

"அதுக்குத்தான் வயசாயிடுச்சே."

"எங்களுக்குத்தாம்மா காது சரியில்லாம இருந்துது. எடுங்க."

அவர் துருத்தியை அசைத்தார். முதல் கீபோர்டுக்காரர் ஒரு கட்டையை அழுத்தினார். பெட்டியும் கீபோர்டும் ஒன்றாய் இழைந்தன. பாடகியம்மாவின் கை ஒரு கணம் நின்று, மறுபடி அசைந்தது. எழுந்து மைக் அருகே போனார்.

பல்லவியில் இந்த முறை நெற்றி சுருங்கவில்லை. வாத்தியங்கள் நின்றன. பட்டன் விசையை அழுத்தினாள். கீற்று கிளம்பியது. அவசரமில்லாமல் நடுங்கி, அவசரமில்லாமல் சரிந்தது. பாடகியம்மாவின் தோள் தாழ்ந்தது, மூச்சை விடுகிறார். சத்தம் தரையை நெருங்கி, கழுத்தை நிமிர்த்தியது. தோள் உயர்ந்தது.

உள்ளே வந்தார்.

சத்தத்தின் முடிவு எது, குரலின் தொடக்கம் எது என்று பிரிக்க முடியவில்லை. ஒரே நூல். கணவன் பேடைத் தட்ட மறந்து உட்கார்ந்திருந்தான். அடுத்த வரியை அவர் தாளமில்லாமலேயே பாடி முடித்துவிட்டுத் திரும்பி, "டிரம்ஸ் தம்பி லேட்," என்றார்.

ஆரவாரம் அடங்கியதும் பட்டன் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முனகல், வேகம், அரைக் கட்டை. அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப அன்னிக்கு மேடையில, முன் வரிசையில சிரிச்சாங்களே... நான் சரியாத்தான் பாடினேனா?"

"சரியாத்தாம்மா பாடினீங்க."

அவர் தலையாட்டினார். பெட்டியை மூடி, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். பிறகு, "காபி இருக்கா?" என்றார்.

அடுத்த ஞாயிறு மாலை அரங்கம் நிறைந்திருந்தது. பின்னால் சுவரோரமாகவும் ஆட்கள் நின்றார்கள். அண்ணி அறிவிப்பில் சுருதியைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று பட்டன்தான் கேட்டிருந்தாள். எட்டரை செகண்டும் அத்தனை பேரும் மூச்சுவிடாமல் இருந்தார்கள். குரல் நுழைந்ததும் முதலில் யாரும் கைதட்டவில்லை. அடுத்த வரியின் நடுவில்தான் நினைவு வந்தவர்கள் போலத் தட்டினார்கள். அப்புறம் நிறுத்தவில்லை.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, ஜிப்பா போட்ட ஒருவர் பாடகியம்மாவைத் தேடி வந்தார். பழைய ரெக்கார்டுகள் சேர்ப்பவராம். வீட்டில் அந்த ஒரிஜினல் தட்டே மூன்று வைத்திருப்பவராம்.

"ரொம்பப் பிரமாதம்மா. ஆனா ஒண்ணு சொல்லணும். ரெக்கார்டு மாதிரி இல்லை. கொஞ்சம் வித்தியாசம் இருந்துது."

பட்டன் கேபிளைக் கீழே போட்டாள். பாடகியம்மா அவளைக் கண்ணால் தடுத்தார்.

"ஆமா," என்றார், ஜிப்பாக்காரரைப் பார்த்துக் கனிவாக. "ரெக்கார்டு இன்னும் கொஞ்சம் சாதகம் பண்ணணும்."

ஜிப்பாக்காரர் புரியாமல் கும்பிட்டுவிட்டுப் போனார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் குலுங்கினாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேடையில் தனியாக நின்ற பட்டனின் மடக்கு நாற்காலியைத் தானே போய் எடுத்தாள். மடக்கினாள். வேனில், தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"லிஸ்ட் கொடுத்தேனே, அடுத்த மாசம் அந்த ஆறு பாட்டையும் புதுசா எடுக்கறோம்," என்றாள் பட்டனிடம். "முதல்ல ஒவ்வொரு ரெக்கார்டோட முனகலையும் கேட்டுட்டு வா."

"ஆறும் கேட்டாச்சு அண்ணி," என்றாள் பட்டன். "ரெண்டு தப்பா இருக்கு."